மூன்றாவது புள்ளி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் இருக்கிறது. அதைத் தவிர வேறெங்கும் இல்லை. தெருவுக்கு அவள் பாலிஷ் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மங்கிய பொருள் எதுவும் அவள் கண்ணில் பட்டுத் தப்பியதில்லை. துக்கம் விசாரிக்கப் போன ஒரு வீட்டில், "மனசைத் தேத்திக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே கதவின் பித்தளைக் கைப்பிடியை முந்தானையால் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். அவள் எழுந்து போன பிறகு பார்த்தால், அந்த வீட்டிலேயே பளிச்சென்று இருந்தது அது ஒன்றுதானாம். இந்தக் கதையைச் சொல்லித் தெருவே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். "அழுக்கா இருந்துச்சு, துடைச்சேன். இதுல என்ன இருக்கு?" என்பாள். இதில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு ஐம்பத்தாறு வயதில்தான் தெரிந்தது.

பத்தொன்பது வயதில் நகைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். முதல் இரண்டு வருடம் மெருகு போடும் சக்கரத்தில். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அங்கே அவள் கண்ணின் கூர்மையைப் பார்த்துவிட்டு, சரக்கைச் சோதித்து அனுப்பும் மேசையில் உட்காரவைத்தார்கள். அதில் ஒன்பது வருடம். ஒரு நாளைக்கு நானூறு மோதிரம், நானூறும் ஒரே மாதிரி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டும். கீறல், குழி, மேடு, கோணல். நானூற்றில் ஒன்று மற்றதைப்போல் இல்லையென்றால் அது குறை. அதைச் சிவப்புத் தட்டில் போட வேண்டும். சிவப்புத் தட்டில் விழுந்தது உருக்குவதற்குப் போய்விடும்.

ஒரு நாள் பூ வைத்த மோதிரம் ஒன்று வந்தது. அச்சில் ஏதோ பிசகு. பூ ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. லேசாகக் காற்று பட்டதுபோல் இருந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிவப்புத் தட்டில் போட்டாள். வேலை அப்படி. ஆனால் மூன்று நாள் அந்தப் பூ அவளைத் தூங்கவிடவில்லை. அது தப்பா, இல்லை மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதும்தான் தப்பா? இதற்கு விடை கிடைக்காமலேயே அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டாள். "இனிமே என் கையால ஒவ்வொண்ணா செய்வேன்" என்று கணவரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். "செய். என் வேன் சாவிக்கு ஒரு வளையம் செஞ்சு கை பழகிக்கோ" என்றார். அந்த வளையம் இன்னும் அவர் சாவியில் தொங்குகிறது.

நகல் எடுக்கும் கடைக்கு மேலே ஓர் அறை. பதினாறு படி. வடக்குப் பார்த்த ஜன்னல் என்பதால் நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். பழைய கதவு ஒன்றைப் படுக்கவைத்துக் கால் அடித்துத்தான் வேலை மேசை. நடுவில் வயிறு இடிக்காமல் உட்கார அரைவட்டமாக அறுத்த பள்ளம். அதன் கீழே தோல் ஒன்றைத் தொட்டிலாகக் கட்டியிருப்பாள். அரம் போடும்போது உதிரும் வெள்ளித் தூள் அதில் விழும். கைக்கெட்டும் தூரத்தில் தீ ஊதும் குழாய், பிடித்து எடுக்கச் சாமணம், குறடுகள், மரச்சுத்தி, பற்றவைக்க வெங்காரக் கிண்ணம். சுவரோரம் ஒரு பெஞ்சு. காலையில் வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தால், சாயங்காலம் கூட்டிவரப் போகும்வரை கணவர் அதில் செய்தித்தாளை முகத்தில் மூடிப் படுத்திருப்பார். செய்தித்தாள் படிக்கிறேன் என்பார்.

இருபத்தாறு வருடம் அந்த மேசையில் அவள் செய்யாத வேலை இல்லை. மின்விசிறியின் இறக்கையிலிருந்து ஒரு தோடு பிறக்கும். மாடிப்படிக் கம்பிகளின் நிழல் மத்தியானம் மூன்று மணிக்குச் சுவரில் விழுவதைப் பார்த்து ஒரு கழுத்து மாலை செய்தாள். காய்ந்த விதைக்காய், சீப்பின் பல், சட்டைக் காலரின் மடிப்பு, எதுவும் அவளுக்கு நகையாகும். ஒரு வடிவத்துக்கு மூன்று நாள் காகிதத்தோடு உட்கார்ந்திருப்பாள். மயிரிழை போன்ற ரம்பத்தால் தகட்டை அறுப்பாள். ரம்பம் உடையும், இன்னொன்று மாட்டுவாள். எல்லாம் முடிந்த பிறகுதான் அவளுடைய உண்மையான வேலை தொடங்கும். அரம், முரட்டுத் தாள், நடுத்தரத் தாள், வழவழப்புத் தாள், துணி. சுத்தி பட்ட தடமோ அரம் போன கோடோ அவள் விரல் இருந்த சுவடோ ஒன்று விடாமல் தேய்த்துப் போக்கிவிடுவாள்.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. அவள் நகைகளை வாங்கி விற்கும் கடைக்கார அம்மாள் ஒரு நாள் படியேறி வந்து அலுத்துக்கொண்டாள். "கையால செஞ்சதுன்னு எழுதி வச்சா யாருமே நம்ப மாட்டேங்குறாங்க. மெஷின்ல அடிச்சதுன்னு சொல்லிச் சிரிக்குறாங்க. எங்கயாவது ஒரு சின்ன தடமாவது விட்டு வைங்களேன்!"

பாலிஷ் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தடம் வேணும்னா வேற ஆளப் பாருங்க. தெரிஞ்சே குறையோட குடுக்குறதுக்கு நான் எதுக்கு?"

பெஞ்சிலிருந்து செய்தித்தாள் பேசியது. "அவகிட்ட குறை தப்பிக்காதும்மா. என்னைக் கட்டிக்கிட்ட அன்னிக்கே என் குறையெல்லாம் நோட்டுல ஏறிடுச்சு."

நோட்டு என்று அவர் சொன்னது வெறும் வேடிக்கை இல்லை. குறைப் புத்தகம் என்று ஒன்று மெய்யாகவே இருந்தது. பழுது பார்க்க வரும் நகைகளை அவள் கைவைப்பதற்கு முன் அதில் பதிவாள். ஆரம்ப நாளில் ஒருத்தி, "இந்தக் கீறல் நீ போட்டதுதான்" என்று சண்டை போட்டதிலிருந்து வந்த வழக்கம். தேதி, நகையின் படம், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு புள்ளி, ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு கோடு, பக்கத்தில் குறிப்பு. இப்படிப் பதினான்கு நோட்டுகள். அவள் ஊரில் யாருடைய நகையில் என்ன குறை என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவற்றைப் புரட்டினால் போதும். எது எதனால் வந்தது என்று மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்காது. அதை அவள் யாரிடமும் கேட்டதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் தையல்காரி படியேறி வந்தாள்.

அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். எட்டு வருடத்துக்கு முன் எங்கிருந்தோ வந்து தனியாகக் கடை போட்டாள். அதற்கு முந்திய கதை யாருக்கும் தெரியாது. அதிகம் பேசமாட்டாள். போன மாதம்தான் பாலிஷ் அக்காவின் பழைய கோட்டுக்கு உள்துணி கிழிந்ததைப் புதிதாக வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டு, "இதுக்கெல்லாம் என்னக்கா" என்று காசு வாங்க மறுத்துவிட்டிருந்தாள்.

கைக்குட்டையைப் பிரித்து ஒரு சங்கிலியை எடுத்து வைத்தாள். அதில் வட்டமான ஒரு வெள்ளி டாலர்.

"கொக்கிகிட்ட ஒரு வளையம் விட்டுப்போச்சுக்கா. அதை மட்டும் சேர்த்துக் குடுத்தா போதும்."

"இதென்ன பெரிய வேலை. நாளைக்கு வா."

"பத்திரம்க்கா" என்றாள் தையல்காரி. கடையில் ஆள் காத்திருக்கிறது என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாள்.

அதை மட்டும், பத்திரம். இரண்டு சொல்லும் பாலிஷ் அக்காவின் காதில் விழுந்தன. ஆனால் எல்லோரும் சொல்கிறதுதானே.

நோட்டை எடுத்தாள். இரண்டு வட்டம் போட்டாள். எழுதினாள்: வட்ட டாலர். சுத்த வெள்ளி, மிக மெல்லிய தகடு, நகம் பட்டாலே தடம் விழும். முன்பக்கம் கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளம், ஆழம். பின்பக்கம் விளிம்போரம் ஒரு புள்ளி, ஊசி குத்தியதுபோல, மேலோட்டம். மொத்தமும் கறுப்பு. கொக்கியருகே ஒரு வளையம் உடைவு.

வளையத்தைப் பற்றவைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சங்கிலியைத் தண்ணீரில் முக்கி எடுத்தபோது, கறுத்து நசுங்கிய அந்த டாலர் அவள் உள்ளங்கையில் கிடந்தது. நல்ல பெண், பாவம், இதைப் போய் மாட்டிக்கொண்டு அலைகிறாளே என்று நினைத்தாள். கோட்டைத் தைத்துக் கொடுத்ததற்குப் பதில் செய்ததுபோலவும் ஆயிற்று. சொல்லாமல் செய்து வைத்தால் நாளைக்கு அவள் முகம் எப்படி மலரும்!

டாலரைத் தனியே கழற்றித் தீயில் காட்டி இளக்கினாள். எஃகுப் பலகையில் வைத்து, தோல் சுற்றிய மரச்சுத்தியால் தட்டினாள். இடது பள்ளத்துக்கு ஐந்து தட்டு. வலது பள்ளம் கொஞ்சம் பிடிவாதம், ஏழு தட்டு. பின்பக்கத்துப் புள்ளிக்கு ஒன்றே ஒன்று. பிறகு தாள்கள், துணி. ஒரு மணி நேரத்தில் அந்த டாலரில் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே போன மேகமும் தெரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தையல்காரி வந்தாள். கைக்குட்டையைப் பிரித்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். அவள் கட்டைவிரல் டாலரின் கீழ்ப்பக்கத்தில் எதையோ தேடிக்கொண்டு போயிற்று.

"இது என்னுது இல்லக்கா. மாத்திக் குடுத்துட்டீங்க."

பாலிஷ் அக்கா பெருமையாகச் சிரித்தாள். "உன்னுதுதாம்மா. எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

"இல்ல. என்னுதுல ரெண்டு தடம் இருக்கும்."

"அதையெல்லாம் எடுத்துட்டேன். காசு ஒண்ணும் வேண்டாம், அன்னிக்கு நீ என் கோட்டுக்கு..."

"அது பல்லுக்கா" என்றாள் தையல்காரி. "என் பொண்ணோட பல்லு."

பெஞ்சில் செய்தித்தாள் அசைந்து, கணவர் எழுந்து உட்கார்ந்தார். கீழே நகல் எடுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"உனக்குப் பொண்ணு..."

"இருந்தா. ஒன்பது மாசம்." தையல்காரி டாலரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பால் குடிச்சு முடிச்சதும் இதை வாயில போட்டுக் கடிச்சுக்கிட்டே இருப்பா. கீழ ரெண்டு அரிசிப்பல்லு. அப்புறம் காய்ச்சல் வந்துச்சு. அஞ்சே நாள். பத்தொன்பது வருஷம் ஆச்சு. ஒரே ஒரு போட்டோ இருக்கு, அதுல வாயை மூடிக்கிட்டு இருக்கா."

பாலிஷ் அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

தையல்காரி கத்தியிருந்தால் தேவலை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு தையலைப் பிரிக்கணும்னாலும் நான் கேட்டுட்டுத்தான் பிரிப்பேன்க்கா" என்றாள். சங்கிலியிலிருந்து டாலரைக் கழற்றி மேசையில் வைத்தாள். சங்கிலியை மட்டும் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். "இது நீங்களே வச்சிக்கோங்க. இது யாருதுன்னு எனக்குத் தெரியல."

பதினாறு படியும் அவள் இறங்கும் சத்தம் கேட்டது.

அன்று முழுக்க பாலிஷ் அக்கா சுத்தியைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்று அவளே தன்னைச் சொல்லிக்கொண்டாள். ஒன்பது மாதப் பிள்ளையின் பல், பத்தொன்பது வருடம் ஒரு தாயின் நெஞ்சில் கிடந்தது. அதை ஐந்தும் ஏழுமாகப் பன்னிரண்டு தட்டில் இல்லாமல் ஆக்கிவிட்டாள். அதுவும் அன்பாக.

"இவளே" என்றார் கணவர், மூன்றாம் நாள் காலையில். "சாப்பிடாம கிடந்தா பல்லு முளைக்குமா? நான் ஒண்ணு சொல்றேன் கேளு. படம்தான் நோட்டுல இருக்கே. அதே இடத்துல ரெண்டு பள்ளம் போட்டுடு. உன் கைக்கு இது ஒரு வேலையா?"

"அது பொய்யில்லையாங்க?"

"பொய்தான். ஆனா அந்தப் பொண்ணு இப்ப வெறுங்கழுத்தோட உக்காந்திருக்கே, அதுக்கு என்ன சொல்ற?"

அவர் மோசமானவர் இல்லை. இருபது பிள்ளைகளை நாள்தோறும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம், அழுகிற பிள்ளையின் அழுகையை முதலில் நிறுத்த வேண்டும் என்பதுதான்.

அவர் வேனை எடுத்துக்கொண்டு போனதும் அவள் மேசையில் உட்கார்ந்தாள். ஓர் ஆணியின் முனையை அரத்தால் தேய்த்துச் சின்னப் பல்லாக ஆக்கினாள். மிச்சம் கிடந்த வெள்ளித் தகட்டில் குத்திப் பார்த்தாள். ஆணி குத்தியதுபோல்தான் இருந்தது. பல் எப்படித் தடம் பதிக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசி முடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. கடைசியில் அந்தத் தகட்டைத் தானே வாயில் வைத்து முன்பல்லால் கடித்தாள். ஐம்பத்தாறு வயதில், ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளித் தகட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்தவர்கள் யாரும் இல்லை, நல்லவேளை.

அதன் பிறகு பிடிபட்டுவிட்டது. பல் நேராக இறங்குவதில்லை. கொஞ்சம் சறுக்கி இறங்குகிறது. ஆணியின் முனையைத் திருத்தினாள். நாலாவது முயற்சியில் தகட்டில் விழுந்தவை இரண்டு அரிசிப்பற்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் யாரும் சந்தேகப்பட முடியாது. இருபத்தாறு வருடத்தில் அவள் கை அவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை. அதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

டாலரை எடுத்து ஈயக் கட்டியின்மேல் வைத்தாள். ஆணியை வைத்தாள். சுத்தியை எடுத்தாள். இடம் பிசகக் கூடாதே என்று நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

முன்பக்கத்து வட்டத்தில் இரண்டு புள்ளி. பின்பக்கத்து வட்டத்தில் ஒன்று.

அந்த ஒன்றை அவள் மறந்தே போயிருந்தாள். ஊசி குத்தியதுபோல, மேலோட்டம். தையல்காரி இரண்டு என்றுதானே சொன்னாள்? அப்படியானால் இது என்ன?

அவள் தான் கடித்த தகட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கீழ்ப்பல் ஒரு பக்கத்தில் பதிந்திருந்தது. மேல்பல் மறுபக்கத்தில். அதே இடத்துக்கு நேர் எதிரே.

சுத்தியைக் கீழே வைத்தாள். கணவர் படியேறி வந்ததும் கேட்டாள்.

"என்னங்க, பிள்ளைங்களுக்குப் பல்லு எந்த வரிசையில முளைக்கும்?"

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "முதல்ல கீழ ரெண்டு. அப்புறம் மேல. என் தங்கச்சி பிள்ளைங்க நாலுக்கும் என் தோளைக் கடிச்சுத்தானே முளைச்சுது."

"ஒன்பது மாசத்துல?"

"மேல்பல்லு எட்டிப் பாக்குற நேரம்" என்றார். பிறகு மேசையில் இருந்த ஆணியையும் டாலரையும் திறந்திருந்த நோட்டையும் பார்த்தார். மெல்ல அவருக்கும் புரிந்தது. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப என்ன பண்ணப் போற?"

அவள் ஆணியை எடுத்து அதன் முனையை அரத்தால் முழுக்கத் தேய்த்து மழுங்கடித்தாள். பொய்ப்பல் இரண்டை வைத்துவிட்டால், மெய்யான மூன்றாவதை எந்த வாயால் சொல்வது?

இப்போது அந்த அறைக்கு யாராவது பழுது பார்க்க நகை கொண்டுபோனால், பாலிஷ் அக்கா முதலில் நோட்டைத் திறந்து, ஒவ்வொரு தடத்தையும் விரலால் காட்டி, "இது இருக்கட்டுமா, எடுக்கணுமா?" என்று கேட்கிறாள். சிலர் சிரிக்கிறார்கள். பலர், "எடுத்துடுங்க, இதுல என்ன இருக்கு" என்கிறார்கள். ஆனால் எப்போதாவது ஒருவர் அந்தத் தடத்தை விரலால் தடவிவிட்டு, "அது இருக்கட்டும்" என்கிறார். ஏன் என்று அவள் கேட்பதில்லை, அவர்களாகவே சொல்கிறார்கள். அவளே புதிதாகச் செய்யும் நகைகளிலும் சுத்தியின் தடம் அங்கங்கே நின்றிருக்கிறது. கடைக்கார அம்மாளுக்கு மகிழ்ச்சி, தான் சொன்னதைக் கேட்டு அக்கா திருந்திவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும். இதெல்லாம் பிந்திய கதை. அன்றைக்கு மத்தியானம் பாலிஷ் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. நோட்டையும் டாலரையும் தான் கடித்த தகட்டையும் பையில் போட்டுக்கொண்டு தையல் கடைப்பக்கம் நடந்தாள்.

கடை ஒரே அறை. சுவர் முழுக்கத் தைத்த சட்டைகள் தொங்கின. வெட்டும் மேசையில் நீல நிறத் துணி விரித்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டிருந்தது. தையல்காரி இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. கழுத்தில் சங்கிலி இல்லை.

"அன்னிக்கே சொல்லிட்டேன்ல. அது எனக்கு வேண்டாம்க்கா."

"மன்னிப்புக் கேக்க வரலம்மா. கேட்டாலும் ஆகாது" என்றாள் பாலிஷ் அக்கா, நின்றபடியே. "பொய்யா ரெண்டு தடம் குத்தி எடுத்துட்டு வந்திருப்பேன். ஆணிகூட செஞ்சு வச்சிருந்தேன். குத்தல."

இயந்திரம் நின்றது. "குத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் தையல்காரி. பாதித் தையலில் நின்ற துணியை இழுத்து எடுத்துக்கொண்டே, "தெரிஞ்சிருக்காது. அதான் பயமா இருக்கு" என்றாள்.

பாலிஷ் அக்கா நோட்டைத் திறந்து நீலத் துணியின்மேல் வைத்தாள். "நீ கொண்டுவந்து குடுத்த அன்னிக்கு, கைவைக்கிறதுக்கு முன்னாடி எழுதினது. இது முன்பக்கம். இது ரெண்டும் உனக்குத் தெரிஞ்சது. இது பின்பக்கம்."

"இது என்ன?"

"மூணாவது பல்லு."

தையல்காரியின் முகம் இறுகியது. "அவளுக்கு ரெண்டு பல்லுதான்."

"உனக்குத் தெரிஞ்சது ரெண்டு."

"எனக்கு ஆறுதல் சொல்றதுக்காக இப்ப வச்சுட்டு வந்தீங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று பாலிஷ் அக்காவுக்குத் தெரியும், வராவிட்டால்தான் ஆச்சரியம். அவள் அந்தக் குறிப்பை வாய்விட்டுப் படித்தாள். "ஊசி குத்தியதுபோல, மேலோட்டம். பாரு, பல்லுன்னு எழுதலை. அன்னிக்கு எனக்குப் பல்லுன்னே தெரியாது. அதுக்குக் கீழயே உனக்கு அடுத்து வந்தவங்களோட வளையல் இருக்கு, இடையில எழுத இடமே இல்ல." பையிலிருந்து தான் கடித்த தகட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "இது நான் கடிச்சது. ரெண்டு பக்கமும் பாரு. கீழ்ப்பல்லு ஒரு பக்கம் இறங்கினா, மேல்பல்லு மறுபக்கம் வந்து முட்டும். உன் பொண்ணு கடிக்கும்போது மேல ஒண்ணு அப்பதான் வெளிய வந்துக்கிட்டு இருந்திருக்கு. முழுசா வரலை, நுனி மட்டும். அதனாலதான் அவ்வளவு சின்னத் தடம்."

தையல்காரி தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். அவள் கை தானாகப் போய்த் தன் மேலுதட்டைத் தொட்டது.

"கடைசி ரெண்டு வாரம் ஒரே அழுகை" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "எச்சில் ஊத்திக்கிட்டே இருந்துச்சு. மேல ஈறு தடிச்சிருந்துச்சு. சூடுன்னு நினைச்சேன். காய்ச்சல் அப்பவே வந்துடுச்சோ, நான்தான் கவனிக்காம விட்டுட்டேனோன்னு..." நிறுத்தினாள். பத்தொன்பது வருடம் அந்த வாக்கியத்தை அவள் எத்தனை முறை தனக்குள் சொல்லியிருப்பாள் என்பது பாலிஷ் அக்காவுக்குத் தெரிந்தது.

"பல்லு முளைச்சிருக்கும்மா" என்றாள். "அதான் அழுதிருக்கா."

தையல்காரி துணியின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "அப்போ அதுவரைக்கும் அவ வளந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா" என்றாள். அதற்கப்புறம் அழுதாள். பாலிஷ் அக்காவும் அழுதாள். அவள் முந்தானை எதையும் துடைக்கவில்லை.

வெகு நேரம் கழித்துத் தையல்காரி கையை நீட்டினாள். பாலிஷ் அக்கா டாலரை அதில் வைத்தாள். கண்ணாடியாக மின்னியது. அதில் தெரிந்த தன் முகத்தை விலக்குவதுபோல் தையல்காரி அதைப் பின்பக்கம் திருப்பினாள். நோட்டில் இருந்த படத்தைப் பார்த்து, வழவழத்த வெள்ளியின்மேல் விரல் நுனியை வைத்தாள்.

"இங்கயாக்கா?"

"இன்னும் விளிம்போரமா."

"இங்க?"

பாலிஷ் அக்கா அவள் விரலைப் பிடித்து, ஒரு நெல் அகலம் நகர்த்தி வைத்தாள்.

"இங்கதாம்மா" என்றாள்.

தையல்காரி அந்த விரலை எடுக்கவே இல்லை.